மணியும் தொலைபேசியும்

1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குப் பூசை முடிந்ததை அறிந்த பின்னரே உணவு கொள்வார் என்பது செவிவழிச் செய்தி. அதன்பொருட்டு வழிநெடுக மண்டபங்கள் அமைத்து மணி கட்டினாராம். ஒரு மணியின் ஓசை கேட்டு அடுத்த மணியை அடிப்பர். செய்தி ஏறத்தாழ 75 கிலோமீட்டர் சென்றுவிடும். அரியதோர் ஏற்பாடே! ஆயினும் மணிக்கு அந்த ஒரு செய்தியன்றி வேறு தெரியாது. அதனிடம் திருப்பிக் கேட்கவும் இயலாது.

1876-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற தொலைபேசியோ, குரலை மின்னோட்டமாக்கிக் கம்பிவழி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் குரலாக்கியது. இராசபாளையத்து நூலாலைத் தொழிலாளி ஒருவன், ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள தாயை அழைத்து, "அம்மா, மருந்து சாப்பிட்டாயிற்றா?" என்று வினவுகிறான். "ஆயிற்று ஐயா" என்கிறாள். அக்குரலின் தளர்ச்சி வேறொன்று சொல்கிறது. வேலை முடிந்ததும் அவன் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேருந்தில் ஏறுகிறான்.