புழுவும் புலப்பெயர்வும்

நோய்களைச் சுமந்து திரிபவன் வந்தேறியே என்னும் எண்ணம் உலகெங்கும் வேரோடியிருக்கிறது. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை அறியக் கொழுக்கிப் புழுவின் வரலாறொன்றே போதும்.

மலத்தோடு வெளியேறும் அதன் முட்டை, ஈரமும் வெப்பமும் நிழலும் கூடிய மண்ணிலே பொரிக்கிறது. அதன் குடம்பி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, ஈற்றில் சிறுகுடலைக் கவ்விக் குருதியை உறிஞ்சுகிறது. இப்புழு மனிதனை உடனே கொல்வதில்லை. அவனது வலுவைச் சிறுகச் சிறுகக் கறந்துவிடுகிறது. அல்ப்ஸ் மலையைக் குடைந்து கொதார்ட் சுரங்கம் அமைத்த இத்தாலியத் தொழிலாளர்களை 1880 ஆம் ஆண்டளவில் வெளிறச் செய்தது இதுவே. 1902 இல் அமெரிக்கப் பத்திரிகையொன்று இதற்குச் 'சோம்பலின் கிருமி' என்று பெயரிட்டது.

நம் நாட்டுக் கதை யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணியின் பின்னால் மக்கள் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தனர். அவர்களுட் பலரின் குடலிலே புழு இருந்தது உண்மையே. ஆனால் அதற்கு ஈர மண்ணையும் நிழலையும் அளித்தது தோட்டம். மலசலகூடமின்றி லயங்களிலே மக்களை நெருக்கி அடைத்ததும், வெறுங்காலுடன் மலையேற்றியதும் தோட்டமே.

1916 இல் ரொக்பெல்லர் மன்றம் இங்கு புழு ஒழிப்பு வேலையை ஆரம்பித்தது. தொழிலாளர் மருந்து விழுங்கினர், புழுக்கள் வெளியேறின. எனினும் மலசலகூடம் கட்டுவதற்குப் பணம் செலவிடத் தோட்ட முதலாளிகள் பலர் தயங்கினர். ஆகவே அதே மண்ணை மிதித்த கால்களில் அதே புழு மீண்டும் ஏறியது. மருந்து மலிவு, மனிதனுக்குரிய வாழ்விடமோ இலாபத்தைக் குறைப்பது!

மலையகப் பாடசாலையொன்றில் நாம் கற்பித்த காலத்தில், முற்பகலிலேயே தலை சாய்த்துவிடும் மாணவி ஒருத்தி இருந்தாள். 'சோம்பேறி' என்பதே ஆசிரியர் அறையில் அவளுக்கு வழங்கிய பெயர். மருத்துவர் சோதித்தபோது கடுஞ்சோகையும் குடற்புழுவும் தெரியவந்தன. அவளுடைய லயத்திற்குச் சென்றோம். பல குடும்பங்களுக்கு ஒரே மலசலகூடம், அதுவும் கதவற்றது. நூறாண்டுக்கு முன் அவளுடைய பாட்டனைச் சுட்டிய அதே சொல், படித்தவர்களாகிய நம்மவர் வாயிலே இன்னும் உயிரோடிருக்கிறது.

இன்று ஒரு வில்லை மருந்தாற் புழுவை அகற்றலாம். இருந்தும், மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் உலகில் ஏறக்குறைய 150 கோடி மக்களிடம் உள்ளன. 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த இந்நாடு, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதனைப் பெருமளவு மீள வழங்கிற்று. ஆனால் காலூன்றி நிற்கச் சொந்த நிலமும், தூய வீடும் அவர்களிற் பலருக்கு இன்னும் கிட்டவில்லை.

மனிதன் இடம்பெயர்கையில் கிருமியும் உடன் பெயர்வது இயற்கை. அது சென்ற இடத்திலே தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிடுவது இயற்கையன்று; மனிதர் செய்த ஏற்பாடு. மனிதர் செய்ததை மனிதரால் மாற்றவும் முடியும்.