கேட்டும் கேளாத ராஜா

தமிழில் 'கேட்பது' என்றால் மூன்று பொருள் உண்டு. கேள்வி கேட்பது, காதால் கேட்பது, சொன்னதைக் கேட்டு நடப்பது. முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்துவிட்டு மூன்றாவதில் தவறிப்போன ஒரு ராஜா வேதாகமத்தில் இருக்கிறான். அவன் பெயர் ரெகொபெயாம். அவன் கதை 1 இராஜாக்கள் 12-ம் அதிகாரத்தில் இருக்கிறது.

இவன் சாலொமோனின் மகன். நல்ல ஆலோசனையின் அருமையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் நீதிமொழிகள் புத்தகத்தின் பெரும்பகுதி சாலொமோனின் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் சொத்து மாதிரி ஞானமும் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்துவிடுவதில்லை.

சுமார் கி.மு. 930-ல் சாலொமோன் இறந்தபின், ரெகொபெயாமை ராஜாவாக்க இஸ்ரவேலர் சீகேமில் கூடினார்கள். ஆலயம் கட்ட 7 வருடம், அரண்மனை கட்ட 13 வருடம் என்று நடந்த வேலைகளில் ஜனங்கள் களைத்துப்போயிருந்தார்கள். லீபனோனில் மரம் வெட்டுவதற்கு மட்டுமே 30,000 பேர் முறைவைத்து அனுப்பப்பட்டிருந்தார்கள். அந்தப் பாரத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும், உம்மைச் சேவிப்போம் என்பதே அவர்கள் வேண்டுகோள்.

ரெகொபெயாம் அவசரப்படவில்லை. 3 நாள் தவணை கேட்டான். தன் தகப்பனிடம் இருந்த முதியோரை அழைத்து யோசனை கேட்டான். இதுவரை எல்லாம் சரி. இன்றைக்கு நீர் இந்த ஜனங்களுக்கு வேலைக்காரனைப் போல இறங்கி, நல்ல வார்த்தை பேசினால், அவர்கள் என்றைக்கும் உமக்கு வேலைக்காரராக இருப்பார்கள் என்று முதியோர் சொன்னார்கள். அதாவது அவர்கள் சொன்ன ஆலோசனையே தாழ்மைதான். அதைத் தள்ளியபோது அவன் இரண்டையும் சேர்த்தே தள்ளிவிட்டான்.

அடுத்து, தன்னோடு வளர்ந்த வாலிபரிடம் போனான். வேதம் இதைச் சொல்லும் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதியோரின் யோசனையைத் தள்ளிவிட்ட பிறகுதான் வாலிபரைக் கேட்கிறான். மனதில் முடிவெடுத்தாகிவிட்டது, இப்போது தேவை ஆமாம் போட ஆட்கள் மட்டுமே. வாலிபரிடம் பேசும்போது, 'நாம்' என்ன பதில் சொல்லலாம் என்று அவர்களையும் சேர்த்துக்கொள்கிறான். முதியோரிடம் அந்த 'நாம்' வரவில்லை. வாலிபர் என்று சொன்னாலும் இவர்கள் விடலைப் பையன்கள் அல்ல. ராஜாவாகும்போது ரெகொபெயாமுக்கு வயது 41. கூட வளர்ந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே வயது இருந்திருக்கும். தாழ்மை வயதோடு தானாக வருவதில்லை.

அவர்கள் சொன்னபடியே, தகப்பனைவிடக் கடுமையாக இருப்பேன் என்று பதில் சொன்னான். 10 கோத்திரங்கள் பிரிந்துபோயின. அவன் அனுப்பிய அதோராமைக் கல்லெறிந்து கொன்றார்கள். ராஜா ரதத்தில் ஏறி எருசலேமுக்கு ஓடினான். தாவீது ஒன்றுசேர்த்த ராஜ்யம் ஒரு கடுஞ்சொல்லில் உடைந்தது.

இன்றைய கிறிஸ்தவ வாழ்க்கையிலும் இது நடக்கிறது. படிப்பு, வேலை, திருமணம் என்று ஒரு முடிவு எடுக்கவேண்டிய வாலிபன் முதலில் போதகரிடம் போகிறான். பதில் பிடிக்கவில்லை. பிறகு அம்மாவிடம், அதன்பின் ஒரு மூத்த அண்ணனிடம். பிடித்த பதில் கிடைக்கும்வரை ஆளை மாற்றிக்கொண்டே போகிறான். கடைசியில் ஒரு நண்பன் தலையாட்டுகிறான். பலரிடம் ஆலோசனை கேட்டுத்தான் முடிவெடுத்தேன் என்று சபையில் சாட்சியும் சொல்கிறான். அது பொய்யும் இல்லை!

பெரியவர்கள் சொல்வதெல்லாம் சரி என்று இதற்கு அர்த்தமில்லை. யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களும் வயதானவர்கள்தான். அவர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று தேவனே கோபித்தார். யோசனை யாரிடமிருந்து வருகிறது என்பதைவிட, அது கேட்பவனை எங்கே நிறுத்துகிறது என்பதே முக்கியம். முதியோர் ரெகொபெயாமை ஜனங்களுக்குக் கீழே நிறுத்தினார்கள். வாலிபர் மேலே ஏற்றினார்கள். பெரியவனாக விரும்புகிறவன் ஊழியக்காரனாக இருக்கவேண்டும் என்று இயேசு பின்னாளில் போதித்ததும், சீஷரின் கால்களைக் கழுவிக் காட்டியதும், சீகேமில் தள்ளப்பட்ட அதே யோசனையைத்தான்.

ரெகொபெயாம் முழுவதும் கெட்டவனும் அல்ல. பிரிந்துபோனவர்களோடு போரிட 1,80,000 பேரைத் திரட்டியபின், சகோதரரோடு யுத்தம் வேண்டாம் என்று செமாயா தீர்க்கதரிசி சொன்னதும் படையைத் திருப்பி அனுப்பினான். 5-ம் வருடத்தில் எகிப்தின் ராஜா சீஷாக் வந்தபோதும் தன்னைத் தாழ்த்தினான். அதனால் முழு அழிவு வரவில்லை. ஆனால் ஆபத்தில் வந்த தாழ்மை ஆபத்தோடு போய்விட்டது.

சாலொமோன் செய்துவைத்த பொன் கேடகங்களை சீஷாக் எடுத்துக்கொண்டு போனான். அவற்றுக்குப் பதிலாக ரெகொபெயாம் வெண்கலக் கேடகங்களைச் செய்தான். அவன் ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் காவலர் அவற்றைப் பிடித்துக்கொண்டு போவார்கள். தூரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு அதுவும் பொன்னைப் போலவே மின்னியிருக்கும். அது வெண்கலம் என்பது ராஜாவுக்குத் தெரியும்.