ஆசிரியருக்கு ஒரு பள்ளிக்கூடம்

நிலம் என்று பார்த்தால் மொத்தம் 181 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சியின் பரப்பில் பாதிகூட இல்லை. கடல் என்று பார்த்தால் சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். பசிபிக் பெருங்கடலில், ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஏறக்குறைய நடுவழியில் கிடக்கும் மார்ஷல் தீவுகளின் கணக்கு இது. 29 பவழ வளையங்கள், 5 தனித் தீவுகள், சுமார் 42 ஆயிரம் மக்கள். மலை இல்லை, ஆறு இல்லை. நிலத்தின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர். தென்னை மரத்தின் மேல் ஏறினால்தான் உயரம் என்பதே தெரியும்.

தலைநகர் மஜுரோவில் டாக்சி ஓடுகிறது, பல்பொருள் அங்காடி இருக்கிறது. வெளித்தீவுகளின் கதை வேறு. சரக்குக் கப்பல் வரும் நாள்தான் அங்கே திருவிழா. அரிசி, மாவு, சர்க்கரை, டின் இறைச்சி இறங்கும். கொப்பரை மூட்டைகள் ஏறும். எப்போதாவது அதே கப்பலிலிருந்து ஓர் ஆசிரியரும் இறங்குவார். 1960களின் பிற்பாதியில் அமெரிக்காவின் பீஸ் கோர் தொண்டர்கள் வரத் தொடங்கியதிலிருந்து, வெளிநாட்டு இளைஞர்கள் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வந்து தங்குவது இங்கே பழகிப்போன சங்கதி.

அப்படி வரும் ஆசிரியருக்குப் பெட்டியில் புத்தகம் இருக்கும், பாடத் திட்டம் இருக்கும். இரண்டாவது மாதமே அலுத்துப்போவது டின் இறைச்சி. தங்க இடம் கொடுத்த குடும்பம் தினமும் மீன் பரிமாறுகிறது. பிடித்து வர அவருக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து சாப்பிடக் கூச்சம். ஒரு சனிக்கிழமை, வகுப்பில் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பையன், ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு அவர் வாசலில் வந்து நிற்கிறான்.

கருவி எளிமையானது. ஆள் உயரத்துக்கு மெல்லிய இரும்புக் கம்பி. ஒரு முனை கூர். மறு முனையில் ரப்பர் வளையம். வளையத்தைக் கட்டை விரலில் மாட்டி, கம்பியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, மீன் எதிரே வந்ததும் விட வேண்டும். நம் ஊர் கவண் மாதிரிதான். கல்லுக்குப் பதில் கம்பி. முகத்தில் கண்ணாடி. மற்றதெல்லாம் மூச்சு.

முதல் நாள் ஆசிரியருக்குக் கிடைப்பது கீறல்கள் மட்டுமே. கண்ணாடி வழியே தண்ணீருக்குள் பார்க்கும்போது எதுவும் உள்ளதைவிடக் கால் பங்கு கிட்டத்திலும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். இது பௌதிகம், ஆசிரியருக்குப் பாடமாகவே தெரியும். ஆனாலும் அவர் விடும் கம்பி மீனைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. பையனுக்குப் பௌதிகம் தெரியாது. துரத்தாமல், தரையோடு ஒட்டிக்கொண்டு, வேறு எங்கோ பார்ப்பதுபோலக் காத்திருக்கிறான். மீன் தானாக விசாரிக்க வருகிறது. தலைக்குச் சற்றுப் பின்னால் குத்து. மேலே வந்ததும் கண்களுக்கு நடுவே ஒரு கடி; துடிப்பு அடங்குகிறது. ரத்த வாடைக்குச் சுறா வரும் என்பதால் மீனை இடுப்பில் கட்டிக்கொள்வதில்லை; நீளக் கயிற்றில் கோத்துத் தள்ளி இழுத்து வருகிறார்கள்.

ஆபத்து சுறாவால் மட்டுமல்ல. அதிக நேரம் உள்ளே இருக்கும் ஆசையில் வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்குபவர், மேலே வரும் வழியிலேயே நினைவிழந்து போகலாம். மூச்சு முட்டும் எச்சரிக்கை உடலுக்குக் கிடைப்பதே இல்லை. அதனால்தான் தனியாக முங்கக் கூடாது என்பது முதல் விதி.

இரண்டாவது ஆபத்து தட்டில் காத்திருக்கிறது. பவழப் பாறையில் வளரும் நுண்ணுயிர் ஒன்றின் நஞ்சு, பாசி மேயும் மீனுக்கும், அதைத் தின்னும் களவா, சீலா போன்ற பெரிய மீன்களுக்கும் ஏறுகிறது. சிகுவாடெரா என்று பெயர். மீனில் நாற்றம் இருக்காது, சுவை மாறாது, கொதிக்க வைத்தாலும் போகாது. வாந்தி பேதியோடு, குளிர்ந்த தண்ணீர் சுடுவதுபோல எரியும். எந்தப் பாறையின் எந்த மீனை விட வேண்டும் என்பது புத்தகத்தில் இல்லை. ஊர்ப் பெரியவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது.

அந்த ஞாபகத்துக்கும் எட்டாத நஞ்சு ஒன்று இங்கே வந்து போனது. 1946 முதல் 1958 வரை பிகினி, எனிவெடாக் வளையங்களில் அமெரிக்கா 67 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. 1954 மார்ச் 1ல் வெடித்த குண்டின் சாம்பல் ரோங்கெலாப் தீவில் பனிபோலக் கொட்டியது. மூன்று ஆண்டு கழித்து அந்த மக்கள் திரும்பி வந்தார்கள். தேங்காயையும் மீனையும் நம்ப முடியாமல் 1985ல் மறுபடி வெளியேறினார்கள். தன் கடலில் பிடித்ததைத் தைரியமாகத் தின்பது இங்கே சின்ன விஷயம் அல்ல.

கைக்குப் பழக்கம் வந்ததும் எல்லாப் புதியவர்களையும் இழுப்பது இரவு வேட்டை. கிளிமீன் பாறை இடுக்கில் தூங்கும். சில வகைகள் தம்மைச் சுற்றிக் கோழைபோன்ற உறையையும் கட்டிக்கொள்ளும். டார்ச் வெளிச்சத்தில் குழந்தைகூடக் குத்திவிடலாம். சிக்கலே அதுதான். பகலில் இந்த மீன் பவழத்தைக் கொறித்து, அரைத்து, வெள்ளை மணலாகக் கழிக்கிறது. மாலத்தீவின் வக்காரு தீவில் நடந்த ஓர் ஆய்வு, சுற்றுப் பாறையில் புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவிகிதத்துக்கு மேல் கிளிமீனின் உபயம் என்று 2015ல் கணக்கிட்டது. நம் லட்சத்தீவும் இதே ஜாதி பவழ வளையம்தான். கடல் மட்டம் உயரும் காலத்தில், தீவுக்கு மண் போடும் கொத்தனாரைத் தூக்கத்தில் குத்துவது லாபமான வேலை அல்ல.

முன்னோர்களுக்கு ஆய்வு தெரியாது, கட்டுப்பாடு தெரிந்திருந்தது. 'மோ' என்று பெயர். குலத் தலைவர் ஒரு பாறையையோ குட்டித் தீவையோ 'மோ' என்று சொல்லிவிட்டால் அங்கே யாரும் கை வைக்கக் கூடாது. காலனி ஆட்சிகளும் காசுப் பொருளாதாரமும் வந்தபின் அந்தப் பழக்கம் தளர்ந்தது. 2008ல் வகுக்கப்பட்ட 'ரெய்மான்லோக்' என்ற தேசியத் திட்டம், ஊர்க்காரர்களே உட்கார்ந்து எந்த இடத்தை மூடுவது என்று முடிவு செய்ய வழி வைத்திருக்கிறது.

ஆண்டு முடிவில் ஆசிரியர் கப்பலேறும்போது பையனின் ஆங்கிலம் சற்றுத் தேறியிருக்கும். ஆசிரியரும் ஏதோ நாலு மீன் குத்தியிருப்பார். ஆனால் எதைக் குத்தக் கூடாது என்று கற்றுக்கொள்ள ஓர் ஆண்டு போதாது. அந்தப் பாடத்தைத் தீவில் பிறந்தவர்களே இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.