நிற்கும் இடமும் கடக்கும் இடமும்

பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தக்கூடாது என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். அறிந்தும் நிறுத்தினோம். அந்த ஒப்புதலோடுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்கவேண்டியிருக்கிறது.

புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட சில வாரங்களுக்குப் பின், தங்கச்சிமடத்தில் ஒரு திருமண வீட்டுக்காக இராமநாதபுரத்திலிருந்து குடும்பத்துடன் புறப்பட்டோம். மண்டபத்தில் அஸர் தொழுதுவிட்டுப் பாலம் ஏறியபோது, கடலின்மேல் ரயில் ஒன்று மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. "ரெண்டு நிமிஷந்தான் வாப்பா, பிள்ளை பார்த்துக்கிடட்டும்" என்றான் மகன். நாமும் தலையசைத்தோம். பாலத்தின் உச்சியைச் சற்றே தாண்டிய இடத்தில் வண்டி நின்றது. முன்னும் பின்னும் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் அப்படியே நின்றிருந்தமையால், தவறு செய்கிறோம் என்னும் உறுத்தல்கூட எழவில்லை. ஆறு வயதுப் பேத்தி ஆவல் மிகுந்து, சாலைப் பக்கத்துக் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தாள். மேட்டின் மறுபுறத்திலிருந்து ஏறி வந்த பேருந்து ஒன்று, கதவை உரசாத குறையாகக் கடந்து சென்றது. மருமகள் பிள்ளையின் சட்டையைப் பற்றி உள்ளே இழுத்திராவிட்டால், அன்று நாம் போய்ச் சேர்ந்திருக்கும் இடம் திருமண வீடன்று.

அன்றிரவு மகனைக் கடிந்தோம். அதைவிட நம்மையே கடிந்துகொண்டோம். குற்றம் நம்முடையதே; அதில் ஐயமில்லை. ஆனால் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடுகிறதா என்னும் கேள்வி மட்டும் உறங்கவிடவில்லை. மறுநாள் மாலையும் அதே உச்சியில் வேறு வண்டிகள் நின்றிருக்கும். வேறு பிள்ளைகள் கதவைத் திறந்திருப்பார்கள்.

1988 அக்டோபர் 2ஆம் நாள் திறக்கப்பட்ட அந்தப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. அடியில் படகுகள் செல்வதற்காக நடுவில் உயர்த்திக் கட்டப்பட்டது. உயரமான இடத்தில்தான் கடலும் ரயில் பாலமும் கண்கொள்ளாக் காட்சியாகத் தெரியும். அந்த மேட்டில்தான் எதிர்ப்புறத்து இறக்கம் ஓட்டுநரின் கண்ணுக்கு மறையும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டரைக் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை அழுத்துமுன்னரே ஐம்பது மீட்டருக்கு மேல் போய்விடும். அந்த வேகத்துக்கு 120 மீட்டர் தூரமாவது முன்னே தெரியவேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்திருக்கிறது. மனிதன் நிற்க விரும்பும் இடமும், நிற்பவனைப் பிறர் காணமுடியாத இடமும் ஒன்றாகிவிட்டன. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. "நிறுத்தாதீர்" என்னும் பலகை வைக்கிறார்கள். காவலர் வந்து விரட்டுகிறார்கள். அவர்கள் அகன்றதும் கூட்டம் மீண்டும் சேர்கிறது. பாலத்தின் இரு கரைகளிலும் வண்டிகள் ஒதுங்கி நிற்க விரிந்த இடமும், அங்கிருந்து தடுப்புக்கம்பிக்கு உட்புறமாகவே உச்சிவரை நடந்து செல்ல அகன்ற பாதையும் முதல் வரைபடத்திலேயே இடம்பெற்றிருந்தால், பலகைக்கு இத்தனை வேலை இருந்திராது.

பக்கத்திலேயே ஒரு பாடம் இருந்தது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பயணிகள் ரயில் புயலலையில் சிக்கி, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை இந்த வட்டாரத்தார் எவரும் மறக்கவில்லை. 1914இல் திறக்கப்பட்டு, 2022 டிசம்பர் வரை ரயில் ஓடிய அந்தப் பழைய பாலத்தில், காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். "காற்று பலமாயின் கவனமாகச் செல்க" என்று ஓட்டுநருக்கு அறிவுரை எழுதி வைத்துவிட்டு ஓய்ந்துவிடவில்லை. மனிதன் தவறக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, அந்தத் தவறு உயிரைக் கொள்ளாதபடி அமைப்பையே திருத்தினார்கள். ரயிலுக்குக் காட்டிய அந்த முன்யோசனையைச் சாலைக்கும் காட்டுக என்பதே நம் வேண்டுகோள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. பரமக்குடி முதல் இராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டர் நெடுஞ்சாலையை நான்கு வழியாக்க, 2025 ஜூலை 1ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நெரிசலில் தவிக்கும் இந்தத் தடத்துக்கு அது வேண்டியதே, வரவேற்கிறோம். ஆயினும் நம் மைத்துனரை நினைக்கையில் நெஞ்சு ஒருகணம் தயங்குகிறது. அச்சாலையோரச் சிற்றூர் ஒன்றில் அவர் வீடு சாலைக்கு இப்பால், பள்ளிவாசலோ அப்பால். எழுபதைத் தாண்டியவர். சுபுஹுத் தொழுகைக்கு இருட்டில் சாலையைக் கடக்கிறார். வண்டிகள் இரு மடங்கு வேகத்தில் வரும் அகன்ற சாலையை, நடுத்தடுப்பைத் தாண்டி, அந்தக் கால்கள் எப்படிக் கடக்கும்?

கடக்கும் பாதை இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் அவர் அங்கே நடக்கமாட்டார், எவரும் நடக்கமாட்டார்கள். இருசக்கர வண்டிக்காரர் வளைந்து திரும்பும் இடம் தொலைவிலிருந்தால் எதிர்த்திசையிலேயே ஓட்டி வருவார். இதை ஒழுங்கீனம் என்று ஏசலாம். ஆனால் வரைபடம் போடும்போதே இதை முன்கூட்டி அறியவும் முடியும். ஊருக்கு நேரே சுரங்கப்பாதை, ஊர் வண்டிகளுக்குத் தனி அணுகுசாலை, பேருந்து ஒதுங்கி நிற்க இடம், கண்மாய்க் கரையில் தடுப்புவேலி, வளைவுகளில் பார்வையை மறைக்கும் சீமைக்கருவேலத்தை ஆண்டுதோறும் வெட்ட ஓர் ஏற்பாடு ஆகியவை தொடக்கத்திலேயே வேண்டும். இரவெல்லாம் ஓட்டிவரும் யாத்திரை வேன்கள் சாலையோரம் நிற்கும் லாரியின்மீது மோதாதிருக்க, லாரிகளுக்கு ஒதுக்கிடமும் வேண்டும். ஏர்வாடிச் சந்தனக்கூடும், இராமேஸ்வரத்து ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் எந்த நாளில் வரும் என்பது யாவர்க்கும் தெரியும். அந்நாள்களில் நடந்து செல்வோரின் கால்களுக்கு வரைபடத்தில் இடமில்லாமற் போவானேன்?

2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். தமிழகத்தில் மட்டும் 17,884 பேர். தரம் தவறிச் சாலை அமைத்து உயிரிழப்புக்குக் காரணமானோர்க்கு ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. நல்லதே, ஆனால் அது உயிர் போனபின் வரும் சட்டம். உயிர் போகுமுன் வரவேண்டியது பாதுகாப்புத் தணிக்கை. சாலை காகிதத்தில் இருக்கும்போதே, அதை வரைந்தவரல்லாத பிறர் ஆராய்ந்து குறை சொல்லும் முறை அது. சாலைகள் காங்கிரஸ் அதற்குக் கையேடே வெளியிட்டிருக்கிறது. மனிதன் தவறுவான், தவற்றுக்கு மரணம் விலையாகக்கூடாது என்னும் கொள்கையை ஸ்வீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997இலேயே ஏற்றது. காகிதத்தில் ஒரு கோட்டை மாற்றப் பென்சில் போதும். கட்டி முடித்தபின் மாற்றக் கோடிகளும் போதா.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) போதித்ததை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். முள்ளைக் கண்டால் குனிந்து எடுத்துப் போடுகிறோம். முள் விழாதபடி பாதையை வகுப்பது அதனினும் பெரிய காரியமல்லவா?

ஆதலால் சாலையோர ஊர்களின் ஜமாஅத்தாரும் ஊராட்சியாரும் ஒன்றுகூடி, தங்கள் மக்கள் எங்கே கடக்கிறார்கள், எங்கே பேருந்துக்கு நிற்கிறார்கள், எந்த வளைவில் யார் மாண்டார் என்பதையெல்லாம் எழுதி, நெடுஞ்சாலை அலுவலர்களிடம் இப்போதே கொடுக்கவேண்டும். கல்வி நிறைந்த பொறியாளருக்கும் அந்தச் செய்தி தெரிந்திருக்க நியாயமில்லை; அது ஊராரிடம்தான் இருக்கிறது. நம் மைத்துனர் ஊரின் பட்டியலில் முதல் வரியை நாமே எழுதிக் கொடுத்துவிட்டோம்: பள்ளிவாசலுக்கு நேரே, விடியலுக்கு முன், முதியவர்கள்.