சாந்த்ராகாச்சியில் ஒரு மிஸ்ர சாபு

சென்னை ரயில்கள் சில வந்து நிற்கும் சாந்த்ராகாச்சியில் குடியேறும் தமிழர், பிள்ளைக்குப் பாட்டு கற்பிக்க நினைத்தால் வித்யாசாகர் சேதுவைத் தாண்டி, கொல்கத்தாவில் தென்னிந்தியர் பல தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட் பக்கம்தான் பெரும்பாலும் தேடுகிறார். பியானோ என்றாலும் ஆற்றைக் கடக்க வேண்டும். கல்கத்தா ஸ்கூல் ஆஃப் மியூசிக் 1915 முதல் அக்கரையில் இயங்குகிறது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், பியானோ நமக்கு அந்நியம் என்பது பொதுவான எண்ணம். நான் அதை ஏற்கவில்லை. தாளம் பழகிய தமிழருக்கு ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்கின் சிறு பியானோ உருப்படிகள் இயல்பாகவே பொருந்தும் என்பது என் வாதம்.

பார்டோக் ஃபோனோகிராஃபுடன் ஊர் ஊராகப் போய்க் குடியானவர்களின் பாட்டுகளைப் பதிவுசெய்தவர். 1926 முதல் 1939 வரை அவர் எழுதிய 'மிக்ரோகாஸ்மாஸ்' ஆறு தொகுதிகளில் 153 உருப்படிகள் கொண்டது. எளியதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும். நான்காம் தொகுதியில் 113ஆவதாக வரும் 'பல்கேரியத் தாளம்' ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது: இரண்டு, இரண்டு, மூன்று. சம அளவான அடிகளிலேயே வளர்ந்த காதுக்கு அந்தக் கடைசி மூன்று இடறும். மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்தவருக்கு ஏழு புதிதல்ல. ஆனால் நம் மூன்று முதலில் வரும். 'தகிட தக திமி' என்பதை 'தக திமி தகிட' என்று திருப்பிச் சொல்லிப் பழகுவதில்தான் இந்த உருப்படியின் பாதிப் பாடம் இருக்கிறது. இரு கைகளும் கட்டைகளில் இருக்கும்போது தொடையில் தாளம் போட முடியாது. சொற்கட்டு வாயில் இருந்தால் போதும். 115ஆவது உருப்படி ஐந்தில் நடக்கிறது. கண்ட சாபு தெரிந்தவர் அதையும் துணிந்து தொடலாம்.

கமகம் இல்லாத கருவி எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. தோடியைப் பியானோவில் வாசித்தால் தோடி இருக்காது. ஆகவேதான் கீர்த்தனையை அதில் திணிக்காமல், அதற்கென்றே எழுதியதை வாசிக்கச் சொல்கிறேன். மரபு கரைந்துபோகும் என்ற அச்சம் இதைவிட வலுவானது. குறிப்பாக, வீட்டுக்கு வெளியே தமிழே கேட்காத ஊரில். ஆனால் ஆங்கிலேய பாண்டு மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் சங்கராபரணத்தில் நோட்டுஸ்வர சாகித்தியம் எழுதியதால் அவருடைய கீர்த்தனைகள் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இதே கொல்கத்தாவில் ஜோதிரிந்திரநாத் தாகூர் பியானோவில் மெட்டமைக்க, தம்பி ரவீந்திரநாத் அவற்றுக்குச் சொல் கோத்தார். வேரை இழந்தது, ஒரே ஒரு இசையைக்கூட முழுதாகக் கற்காமல் விட்ட வீடுகள்தான்.

எனவே பாட்டு வகுப்பை நிறுத்திவிட்டுப் பியானோவுக்கு அனுப்பாதீர்கள். பிள்ளைக்கு முதலில் சாபு தாளங்கள் கைவரட்டும். மிக்ரோகாஸ்மாஸின் முதல் தொகுதிகளை முடித்ததும் 113ஐக் கேட்டு வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள்.