நாம் அஞ்சுகிற முகம்



பேய்ப்படங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா என்று நம் சபையின் பெற்றோர் சிலர் கேட்டிருக்கிறார்கள். கீழ்க்கட்டளையிலிருந்து ரேடியல் சாலை வழியே பல்லாவரம் சேர்ந்து, ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பினால் குரோம்பேட்டை வெற்றி திரையரங்கம் வந்துவிடுகிறது. விடுமுறை நாள்களில் நம் வாலிபரும் அங்கே செல்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட இயலாது.

பேயையும் நகைச்சுவையையும் சேர்த்துத் தரும் படங்கள் தமிழில் தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. 2005-இல் வெளிவந்த ‘சந்திரமுகி’யில் வடிவேலு நடுங்கியதைக் கண்டு தமிழகமே சிரித்தது. 2007-இல் ராகவா லாரன்ஸ் ‘முனி’யை இயக்கினார், 2011-இல் அதன் தொடர்ச்சியாக ‘காஞ்சனா’ வந்தது. 2014-இல் சுந்தர் சி. தொடங்கிய ‘அரண்மனை’ 2024-இல் நான்காம் பாகத்தை எட்டியது. தனியாய் இருக்கும்போது நெஞ்சை உறையவைக்கும் பயம், பலரோடு அமர்ந்திருக்கும்போது சிரிப்பாக மாறிவிடுகிறது. இந்தப் படங்களின் பலம் அதுவே என்று நினைக்கிறேன். ஐக்கியம் பயத்தைக் குறைக்கும் என்பதைச் சபையாராகிய நாமும் அறிவோம்.

இவற்றுள் ‘காஞ்சனா’வைச் சற்று நின்று சிந்திக்கவேண்டும். கதாநாயகன் பகலில் வீரன். பொழுது சாய்ந்தால் தாயின் துணையின்றி ஓர் அடியும் எடுத்துவையாதவன். கோவை சரளாவும் தேவதர்ஷினியும் மாமியாரும் மருமகளுமாய் அரங்கைக் குலுங்கவைப்பார்கள். ஆவி புகுந்தபின் அவனுடைய நடையும் சாயலும் பெண்மையடைவதைப் பார்த்தும் மக்கள் சிரிப்பார்கள். பின்பு அந்த ஆவி தன் கதையைச் சொல்லத் தொடங்கும். பெற்றோரால் துரத்தப்பட்ட திருநங்கை ஒருவர். அவருக்கு அடைக்கலம் கொடுத்த இஸ்லாமியப் பெரியவர். தம்மைப்போன்ற இன்னொரு பிள்ளையை அவர் மருத்துவம் படிக்கவைத்தது. மருத்துவமனைக்கென்று வாங்கிய நிலத்துக்காக அவர்கள் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டது. சரத்குமார் நடித்த அந்தப் பகுதியில் சிரிப்பு அடங்கிவிடும். அதுவரை பயமுறுத்திய முகம் இரக்கத்துக்குரிய முகமாகிவிடும். பேய் மாறவில்லை. அதன் துயரத்தை நாம் கேட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

பிரியமானவர்களே, இந்த வகைக் கதைகளில் பெரும்பாலும் பேயாய் வருகிறவர் அநியாயமாய்ச் சாகடிக்கப்பட்டவரே. புதைத்தவர்கள் மறந்துவிடுவார்கள்; மண் மறவாது. ஆதியாகமத்தின் நான்காம் அதிகாரத்தில் ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து தேவனை நோக்கிக் கூப்பிட்டதை வாசித்திருக்கிறோம். மனிதர் மூடிவைத்த அநியாயத்தின் சத்தம் தேவனுடைய செவிக்கு மறைவதில்லை.

ஆனால் திரையில் காஞ்சனாவுக்காகக் கண் கலங்கியவர்கள், மறுநாள் சாலை சந்திப்பில் ஒரு திருநங்கை கைநீட்டி வரும்போது காரின் கண்ணாடியை ஏற்றிவிடுகிறோம். மின்சார ரயிலில் அவர் அருகே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். 2008-இல் தமிழக அரசு, நாட்டிலேயே முதன்முறையாக, அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. 2014-இல் உச்சநீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினத்தவராக அங்கீகரித்தது. அரசும் நீதிமன்றமும் கதவைத் திறந்திருக்க, அவர்களில் ஒருவர் ஞாயிறு ஆராதனைக்கு வந்தால் நம் இருக்கையில் இடம் இருக்குமா? பெற்ற வீடே ஒரு பிள்ளையைத் துரத்தும்போது, அந்தப் பெற்றோரோடு பேசப் போகிறவர் நம்மில் யார்?

ஓரிடத்தில் நாம் அந்தப் படத்தோடு செல்ல இயலாது. அது பழிவாங்குதலில் ஆறுதல் காண்கிறது. நாமோ நீதியைத் தேவனிடத்தில் ஒப்புவிக்கிறவர்கள்; ஆபேலின் இரத்தத்தைப் பார்க்கிலும் நன்மையானதைப் பேசுகிற இரத்தத்தை நம்பியிருக்கிறவர்கள். ஆயினும் பழிவாங்கமாட்டோம் என்று சொல்லுகிறவர்கள், பாதிக்கப்பட்டவரின் கதையைக் கேளாமலே இருந்துவிட்டால் அதற்கு மன்னிப்பு என்று பெயரில்லை.

கடல்மேல் நடந்துவந்த ஆண்டவரைக் கண்டு சீஷர்கள் ஆவேசம் என்று அலறினார்கள். உயிர்த்தெழுந்தபின் அவர் நடுவே நின்றபோதும் அவ்வாறே திகைத்தார்கள். அவர்களைக் கடிந்துகொண்டு அவர் அகன்றுபோகவில்லை. கைகால்களைக் காட்டினார், பொரித்த மீனை வாங்கி அவர்கள் முன்பாகப் புசித்தார். அவர்களுடைய பயம் நீங்கும்படி அவர் செய்தது, அவர்களோடு உண்டது. நாம் அஞ்சி விலகுகிற மனிதரையும் ஒரே பந்தியில் அமர்ந்தே அறிந்துகொள்ள முடியும்.

பெற்றோரே, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. இரவில் உறக்கம் கெடும் சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்லவேண்டாம். வளர்ந்த பிள்ளைகளோடு நீங்களும் சென்று அமருங்கள். வீடு திரும்பும் வழியில், எந்த இடத்தில் சிரித்தாய், எந்த இடத்தில் உனக்குச் சிரிப்பு வரவில்லை என்று கேளுங்கள். அந்த உரையாடல் தடையைவிட அதிகமாய் அவர்களைக் காக்கும்.

இந்த வாரம் நாம் ஒவ்வொருவரும், அச்சத்தால் விலக்கிவைத்திருக்கும் ஒருவரை நினைத்து ஜெபிப்போம். கூடுமானால் அவர் பெயரைக் கேட்டறிவோம். பூரண அன்பைத் தருகிற கர்த்தர் நம் பயங்களை நீக்கி நம்மை நடத்துவாராக. ஆமென்.