சுறாவும் சிறுமீனும் ஒரே தண்ணீரில்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்ற கவலை நம் தோட்டத்துப் பெற்றோருக்கும் வந்துவிடுகிறது. பத்துமலை பார்த்தாயிற்று. இரட்டைக் கோபுரத்தின் முன் நின்று படமும் எடுத்தாயிற்று. இம்முறை அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு கடலைப் பார்த்து வருவோம், வாருங்கள்.

நான் அங்கே போனதற்கு ஒரு காரணம் உண்டு. என் மகன் இரண்டு தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணத்தைச் சேர்த்து, மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கினான். பிள்ளைகள் 'நீமோ' என்று அழைக்கும் கோமாளி மீன் இரண்டு, நீல நிறச் சிறுமீன் மூன்று, கடைசியாகக் கிளாத்தி ஒன்று. கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளி, மஞ்சள் வாய். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். நான்காம் நாள் காலையில் தொட்டியில் மிஞ்சியது கிளாத்தி மட்டுமே.

"இது கொலைகார மீன், அப்பா. சாக்கடையில் கொட்டிவிடவா?" என்று அழுதுகொண்டே கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. "பொறு, பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்து வருவோம்" என்றேன்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கி, எல்.ஆர்.டி. ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் கே.எல்.சி.சி. அங்கிருந்து நடந்தே மாநாட்டு மையத்துக்குப் போய்விடலாம். அதன் கீழ்த்தளத்தில் இருக்கிறது 'அக்குவேரியா'. 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மைகாட் காட்டினால் நுழைவுச் சீட்டின் விலை குறையும். மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

மலையில் பிறந்த தண்ணீர் ஆறாக ஓடி, அலையாத்திக் காட்டைக் கடந்து, கடலைச் சேரும் வழியிலேயே உள்ளே நம்மையும் நடத்திச் செல்கிறார்கள். கடைசியில் வருவதுதான் 90 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிச் சுரங்கம். நகரும் பாதையில் நின்றால் போதும். தலைக்கு மேலே திருக்கையும் ஆமையும் நீந்திப் போகும்.

அங்கேதான் மணற்புலிச் சுறாவைக் கண்டோம். மூன்று மீட்டர்வரை வளரும் இனம். வாயை மூடினாலும் பல் வெளியே தெரியும். இதன் சண்டை தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது! தாய்ச் சுறாவுக்குக் கருப்பை இரண்டு. ஒவ்வொன்றிலும் முதலில் வளர்ந்த குட்டி, கூடப்பிறந்தவற்றைத் தின்றுவிடும். பிறப்பது இரண்டே குட்டிகள்.

அப்படிப்பட்ட சுறாவின் பக்கத்திலேயே சின்ன மீன்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. சுறா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மகன் வாய் பிளந்து நின்றான்.

காரணம் மந்திரமல்ல. முதலாவது, வயிறு. வேளை தவறாமல் இரை போடுவதால் துரத்தித் தின்னும் தேவை குறைகிறது. இரண்டாவது, இடம். ஒன்று ஒதுங்கிப் போக நினைத்தால் ஒதுங்க வழி இருக்கிறது.

ஆனாலும் உறுதி சொல்ல முடியாது. தென்கொரியாவின் சோல் நகரில் ஒரு மீன் காட்சியகம். 2016 ஜனவரியில் அங்கே ஒரு மணற்புலிச் சுறா, தன்னோடு வாழ்ந்த சிறிய சுறா ஒன்றை மெல்ல மெல்ல விழுங்கியது. விழுங்க 21 மணி நேரம்! இரண்டும் மோதிக்கொண்டதால் வந்த எல்லைத் தகராறு என்றுதான் அங்கிருந்தவர்கள் காரணம் சொன்னார்கள்.

பவளப்பாறைக் கடலிலும் இதே கதைதான். கெராப்பு மீனின் திறந்த வாய்க்குள் ஒரு சின்ன மீன் புகுந்து அழுக்கைத் தின்று சுத்தம் செய்யும். கெராப்பு அதை விழுங்குவதில்லை. அதனால் இதற்கு லாபம். மற்றபடி, தன் வாய்க்குள் அடங்கும் எந்த மீனும் அதற்கு இரைதான். கிளாத்தியோ கூடு கட்டிய காலத்தில் முட்டையைக் காக்க, முக்குளிக்க வரும் மனிதனையே கடித்துத் துரத்தும்.

வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைக்க ஆசைப்படும் பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். சாதுவான மீனை முதலில் விடுங்கள். முரட்டு மீனைக் கடைசியில் விடுங்கள். முன்னால் வந்தது தொட்டி முழுவதும் தனக்கே சொந்தம் என்று எண்ணிவிடும். புதிய மீனை விடும்போது கற்களை இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய எல்லை கலைந்துவிடும். உருவமும் நிறமும் ஒத்த மீன்களைச் சேர்க்காதீர்கள். அவற்றுக்குள்தான் சண்டை அதிகம். ஒவ்வொன்றும் ஒளிந்துகொள்ளத் தனிப் பொந்து இருக்கட்டும். வாங்குமுன் அந்த மீன் எவ்வளவு பெரிதாகும் என்று கேளுங்கள். எங்கள் கிளாத்தி ஐம்பது சென்டிமீட்டர்வரை வளரும் இனமாம்! எங்கள் தொட்டியே மூன்றடிதான். வயது ஏற ஏற முரட்டுத்தனமும் ஏறுமாம்.

வீடு திரும்பும்போது ரயிலில் மகன் கேட்டான்: "அப்படியானால் தப்பு யாருடையது, அப்பா?"

லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்குப் பதில் சொல்வது சிரமமில்லை. குழாயடியில் எத்தனை சண்டை பார்த்திருக்கிறோம்! குடம் இடித்ததற்காக மாதக்கணக்கில் பேசாமல் இருந்த குடும்பங்களும் உண்டு. அவர்கள் கெட்டவர்களா? இல்லை. ஒரு வீட்டில் சாவு என்றால் முதலில் ஓடி வந்தவர்களும் அவர்களே. அத்தனை வீட்டுக்கும் ஒரே குழாய் வைத்ததுதான் குற்றம்.

"மீன்மேல் தப்பில்லையடா. அதற்கு அதன் குணம். சேர்த்து வைத்த நாம்தான் யோசித்திருக்க வேண்டும்" என்றேன். அவன் வெகுநேரம் பேசவில்லை.

மறுவாரம் கிளாத்தியைக் கடைக்கே கொண்டுபோய், பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுக்கச் சொன்னோம். பணம் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது எங்கள் தொட்டியில் இரண்டு நீமோ மட்டுமே. ஆறு மாதமாகிறது. இரண்டும் நலம்.

நீங்களும் ஒருமுறை குடும்பத்தோடு போய் வாருங்கள். சுரங்கத்துக்குள் சற்று நின்று, அந்தச் சுறாவையும் அதன் பக்கத்தில் போகும் சின்ன மீன்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.